சிவப்பு எண் போட்ட மாமரங்கள்

காலை ஆறு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது பட்டை செதுக்கப்பட்ட ஒரு மாமரம். இடுப்பு உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கொடுவாளால் சீவியிருந்தார்கள். சீவிய இடத்தின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் கொஞ்சமும், அதன் மேல் ஒரு சிவப்புக் கோட்டின் முனையும் மிச்சமிருந்தன. அது ஒன்றா ஏழா என்று சொல்ல முடியவில்லை. பிசின் இன்னும் உலரவில்லை.

அடுத்த மரமும் அப்படியே இருந்தது. அதற்கடுத்ததும். எட்டு மரங்களைத் தாண்டி ஒன்பதாவது மரத்தடியில் அந்தப் பூச்சியியல் ஆய்வாளர் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய பெண்மணி, முழங்கை வரை சட்டை, கையில் தலைகீழாகப் பிடித்த வெள்ளைத் துணிக் குடை. முந்தைய நாள் எங்கள் பத்திரிகையின் ஓசூர் அலுவலகத்துக்குப் போன் செய்து, செய்தியை எழுதியவர் நேரில் வர வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். நான் மத்திகிரியிலிருந்து இருட்டோடு கிளம்பி வந்திருந்தேன். அவர் வணக்கம் சொல்லவில்லை.

“நீங்கதான அந்த நியூஸ்?”

“ஆமாம்.”

“வண்டிய ரோட்டுலயே நிறுத்தியிருக்கலாம். தூசி பூவுல விழுது.”

செய்தி இதுதான். பத்து நாட்களுக்கு முன் சூளகிரிப் பக்கம் வேறு வேலையாகப் பேருந்தில் போனபோது, காப்புக்காட்டை ஒட்டிய இந்தத் தோட்டத்தில் மாமரங்களுக்கு வெள்ளைப் பட்டை தீட்டி, மேலே சிவப்பில் எண் எழுதியிருப்பதைப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதற்கு முன்னால் ஆட்கள் வந்து மரங்களுக்கு எண் போடுவார்கள். எண் விழுந்த பிறகு நோட்டீஸ் வரும். இதை இங்கே யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கும் யாரும் விளக்கவில்லை. இறங்கி, டீக்கடையில் மூன்று பேரிடம் பேசினேன். மூன்று பேரும் “எடுக்கப் போறாங்க” என்றார்கள். வருவாய்த் துறை அலுவலகத்துக்கு ஒரே ஒரு முறை போன் செய்தேன். மணி அடித்து நின்றுவிட்டது. ‘அதிகாரிகளிடம் கேட்டபோது பதில் கிடைக்கவில்லை’ என்று கடைசிப் பத்தியை முடித்தேன். டீக்கடையிலிருந்து தோட்டத்துக்குள் நடந்து போக ஐந்து நிமிடம் ஆகும். போகவில்லை. மறுநாள் படத்துடன் இரண்டு பத்தியில் வந்தது.

எண் போட்டவர் இந்த ஆய்வாளர். தகரத் துண்டு கட்டினால் மாடு உரசி அறுந்துவிடுகிறது என்று பெயின்டுக்கு மாறியிருக்கிறார். வெள்ளையும் சிவப்பும் விடியற்கால வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. அவருக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். இங்கே எண்ணுக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது.

அவருடைய ஆராய்ச்சியை அவரே நான்கு வாக்கியத்தில் சொன்னார். மாம்பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியைத் தின்னும் சிலந்தி, தத்துப்பூச்சியின் முட்டைக்குள் முட்டையிடும் சின்னக் குளவி, பொறிவண்டு ஆகியவை காட்டிலிருந்து வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். எடுத்துக்கொண்ட ஒவ்வொரு தோட்டத்திலும் காட்டோரம் பன்னிரண்டு மரம், சாலையோரம் பன்னிரண்டு மரம். பூ விட்டதிலிருந்து பிஞ்சு பிடிக்கும்வரை வாரம் ஒரு முறை எண்ணிக்கை. அதுவரை அந்த இருபத்து நான்கு மரங்களுக்கும் மருந்து அடிக்கக் கூடாது.

“ஒரு தடவ அடிச்சாலும் போச்சு. அடுத்த பூவுக்கு அடுத்த தை வரணும்” என்றார். “எனக்கு அடுத்த தை கிடையாது. ஆய்வு இந்த வருசத்தோட முடியுது.”

பேசிக்கொண்டே ஒரு பூங்கொத்தைக் குச்சியால் மூன்று முறை தட்டினார். குடைத் துணியில் விழுந்தவற்றை ஒரு ரப்பர் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சி, இடையில் இருந்த கண்ணாடிப் புட்டிக்குள் பிடித்தார். குழாயில் வலை இருப்பதால் எதுவும் வாய்க்குப் போகாது. வேலிக்கு அந்தப் பக்கம் பால் கேனோடு நின்றிருந்த பக்கத்துத் தோட்டக்காரருக்கு அதைப் பார்க்கச் சலிக்கவில்லை போலும்.

“மேடம், காலைல டிபன் ஆயிடுச்சா?” என்றார்.

ஆய்வாளர் அடுத்த பூச்சியை உறிஞ்சினார்.

“காட்ல இருந்து யான வருது, பன்னி வருது. இப்ப பூச்சி வருதான்னு வேற எண்ணிக்கினு கீறாங்க. அந்தக் காட்ல இருந்து நல்லது எதுனா வந்திருக்குதா இதுவரைக்கும்?”

“அதத்தான் எண்ணுதேன்” என்றார் ஆய்வாளர், குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

“எண்ணுங்க எண்ணுங்க. நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள எங்க தோட்டத்துக்கும் நம்பர் வந்துடும்.”

ஆறே முக்காலுக்குத் தோட்டக்காரர் வந்தார். கூடவே அவருடைய அண்ணன். பட்டா இருவர் பேரிலும் இருக்கிறது. தம்பி விவசாயம் பார்க்கிறார், அண்ணன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நைட் ஷிப்டு முடிந்து கம்பெனிச் சட்டையோடு நேராக வந்திருந்தார். மரங்களைச் செதுக்கியது யார் என்று நான் கேட்டேன்.

“நான்தான்” என்றார் அண்ணன். “ நேத்து சாயங்காலம். ஏன், அதையும் போடுவியா பேப்பர்ல?”

தம்பி தரையைப் பார்த்தபடி, “மேடத்துகிட்ட சொல்லிட்டுச் செய்யலாம்னு சொன்னேன்” என்றார்.

“நீ சொல்வ. லைன்ல நிக்கறவன் எல்லாம் கேக்கறான், ‘இன்னாப்பா, தோட்டத்த குடுத்துட்டீங்களாமே’ன்னு. எனக்குத் தெரியாம என் தம்பி குடுத்துட்டான்னு என் போன்லயே எனக்கு வருது. போட்டோவோட.”

அது நான் எடுத்த படம்.

இருவரும் தெலுங்குக்கு மாறினார்கள். எங்களிடமிருந்து மறைப்பதற்காக அல்ல. அவர்கள் வீட்டில் சண்டை தெலுங்கில்தான். ஓசூரில் பதினைந்து வருடம் இருந்த எனக்குப் பெரும்பகுதி புரிந்தது. எண்ணை அழித்தது போதாது என்றார் அண்ணன். சுற்றியிருக்கிற தோட்டம் எல்லாம் மருந்து அடித்துவிட்டது, நம்முடையது மட்டும் அடிக்காமல் கிடக்கிறது. நாளைக்கு உண்மையாகவே அளக்க வருபவன் இதைப் பார்த்தால் ‘பராமரிப்பு இல்லை, தரிசு’ என்று எழுதிவிட்டுப் போவான். அங்கே பக்கத்து ஊரில் அப்படித்தான் எழுதினான். இன்றைக்கே அடிக்க வேண்டும்.

தம்பி தமிழில் பதில் சொன்னார், ஆய்வாளருக்குக் கேட்கட்டும் என்று. “நான் வாக்கு குடுத்துட்டேன்.”

“வாக்கு நீ குடுத்த. மரம் ரெண்டு பேர்து.”

ஆய்வாளர் குடையை மடக்கினார். “நாலு வாரம். நாலே வாரம் பொறுங்க. மிச்சமிருக்கிற எண் முழுசும் நானே அழிச்சிடுதேன். ஊருல யாருட்ட சொல்லணுமோ நானே வந்து சொல்லுதேன்.”

“நீங்க சொல்லி யார் நம்புவாங்க மேடம்? நீங்களே கவர்மென்ட் ஆளுன்னுதான் சொல்றாங்க.”

நான் அப்போது, மறுப்புச் செய்தி போடுவோம் என்றேன்.

“எத்தன வரி?” என்று கேட்டவர் ஆய்வாளர்.

“மூணு நாலு வரி.”

“படம்?”

“மறுப்புக்குப் படம் போடுற வழக்கம் இல்ல.”

“எந்தப் பக்கம்?”

“உள்பக்கம்.”

அண்ணன் சிரித்தார். அன்று காலை அங்கே சிரித்த ஒரே ஆள் அவர்தான். “பேப்பர்ல வந்தது பொய்னு பேப்பர்லயே வருமா? அப்ப எதப் படிச்சிட்டு எத நம்பறது?” பிறகு வேலிப்பக்கம் திரும்பி, “அண்ணா, உங்க ஸ்பிரேயர் சும்மாதான கீது?” என்றார்.

பக்கத்துத் தோட்டக்காரர் பால் கேனைக் கீழே வைத்தார். “எட்டு மணிக்கு அனுப்பறேன். டேங்க் நீங்களே கழுவிக்குங்க.”

எட்டு மணிக்குச் சின்ன டிராக்டரில் டேங்க்கும் மோட்டாரும் வந்தன. ஆய்வாளர் போகவில்லை. தம்பியிடம் இன்னொரு முறை பேசினார், இந்த முறை தாழ்ந்த குரலில். காட்டோரம் இருக்கும் பன்னிரண்டையாவது விட்டுவிடச் சொன்னார். தம்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஸ்பிரேயர் குழாயை எடுத்துக்கொண்டு நேராகக் காட்டோர வரிசைக்குப் போனார். சாலையோரத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம் என்று தம்பி பிறகு என்னிடம் சொன்னார்.

மருந்தின் வாடை முதல் மரத்திலேயே மூக்கைக் குத்தியது. தம்பியும் ஆய்வாளரும் நானும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்தோம். ஆய்வாளர் மட்டும் அடித்து முடித்த மரத்துக்குத் திரும்பிப் போய், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, குடையைத் தலைகீழாக விரித்துக் கிளைக்கு அடியில் பிடித்தார்.

“இப்ப எண்ணுங்க மேடம்” என்று அண்ணன் மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தினார். “தட்டவே வேணாம். தானா கொட்டுது!”

துணியில் விழுந்தவற்றை ஆய்வாளர் விரல் நுனியால் ஒதுக்கிக்கொண்டே வந்தார். நான் அருகே போய்ப் பார்த்தேன். ஆப்பு வடிவத்தில் பழுப்பாகக் கொஞ்சம் தத்துப்பூச்சி. மற்றவை கால் மடங்கிய சிலந்திகள், இரண்டு பொறிவண்டுகள், கடுகைவிடச் சிறியதாகக் கறுப்பாக ஏதோ. அதுதான் குளவியா என்று கேட்டேன்.

“உங்களுக்கு எதுக்கு?” என்றார். “கணக்குல வராது.”

துணியை உதறினார். குடையையும் குழாயையும் புட்டிகளையும் பையில் போட்டார். சாலையில் தேன்கனிக்கோட்டைப் பேருந்து வரும் நேரம். என் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தம்பி சாலை வரை கூடவே போனார்.

ஒன்பதே முக்காலுக்கு இருபத்து நான்கு மரங்களுக்கும் அடித்து முடிந்தது. அலுவலகம் திரும்பி மறுப்பை எழுதிக் கொடுத்தேன். நான்கு வரி எழுதியிருந்தேன். மறுநாள் எட்டாம் பக்கத்தில் மூன்று வரியாக வந்தது. அதற்குள் ஆய்வாளர் அந்தத் தோட்டத்தை ஆய்விலிருந்து நீக்கியிருந்தார்.