முப்பது மைக்ரான் கண்

“இந்தக் கட்டடத்துல எந்த மெஷின் வேணும்னாலும் பொய் சொல்லும் சார். என் கண்ணு சொல்லாது.”

பல்கலைக்கழகத்தை ஆய்வு செய்யும் குழு வந்திருந்த அன்று, நிலவியல் துறையின் கல் அறுக்கும் அறையில், ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி முப்பது விட்ட சவால் இது. முப்பது என்பது அவர் வயதல்ல, வயது ஐம்பத்தேழு. பாறைத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துத் தருவது அவர் வேலை. முப்பது மைக்ரான் தடிமன்தான் இருக்க வேண்டும், தலைமுடியைவிட மெலிசு. அந்த எண் எந்நேரமும் வாயிலேயே இருந்ததால் பெயரும் அதுவே ஆயிற்று.

“தடிமன் அளக்கக் கருவி இல்லையே?” என்று குழுத் தலைவர் கேட்டதற்குத்தான் அந்தப் பதில். துறைத்தலைவர் பூரித்துப்போனார். “கருவிக்கும் மேல சார் எங்க முப்பது!” குழுவும் ‘மனித வளம் மகத்தானது’ என்று எழுதிவிட்டுப் போனது. வாங்க வேண்டிய பட்டியலில் அளக்கும் கருவியை அடித்துவிட்டு, துறைத்தலைவர் அறைக்கு ஒரு சோபா வாங்கினார்கள். புவி அறிவியல் சாய்ந்து உட்கார்ந்தது.

மற்ற வசதிகளுக்கும் குறைவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்று இருந்தது. அந்த அறைக்கு ஏசி இல்லாததால் அதை இயக்கவில்லை. ஏசி இருந்த அறையில் துறைத்தலைவர் இருந்தார். நுண்ணோக்கிக்குப் போர்த்திய துணியை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை, குழு வருமுன், தவறாமல் சலவைக்குப் போட்டார்கள். ஆக, துறையில் ஓடிக்கொண்டிருந்த ஒரே கருவி முப்பதுதான்.

அவர் அளக்கும் முறை எளிது. தேய்த்த கண்ணாடியைப் பாறை பார்க்கும் நுண்ணோக்கியில் வைப்பார். கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் மஞ்சளாகத் தெரிந்தால் தடிமன் அதிகம். இன்னும் தேய்க்க வேண்டும். சாம்பல் நிறம் வந்தால் முப்பது, நிறுத்திவிடலாம். கல்லே இல்லாத வெறுங்கண்ணாடி என்றால் அந்த நுண்ணோக்கியில் இருட்டுதான் தெரியும்.

ஒரு வருடமாகச் சாம்பல் நிறம் லேசில் வர மறுத்தது. தேய்த்துத் தேய்த்துக் கல்லே காணாமல் போனது. “கல்லு மட்டம்ப்பா. எந்தக் குப்பையில பொறுக்குன?” என்று ஓர் ஆய்வாளரிடம் ஆறு வெறுங்கண்ணாடிகளைத் திருப்பிக் கொடுத்தார். கல் பொறுக்கத் தெரியாதவன் என்று துறையே சிரித்தது. அந்த ஆள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு இப்போது ஏதோ கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அதன்பின் வந்தவள் ஓர் ஆய்வு மாணவி. எண்ணூறு மீட்டர் ஆழத்தில் துளைபோட்டு எடுத்த கல். கட்டைவிரல் அளவில் இரண்டே துண்டு. துளையைச் சிமென்ட் போட்டு அடைத்தாயிற்று. இனி ஒரு துகள்கூடக் கிடைக்காது.

“அண்ணா, இது போச்சுன்னா என் நாலு வருஷமும் போச்சு.”

“யார் கையில குடுத்திருக்கேன்னு தெரியுமில்ல? போய் நிம்மதியா சாப்பிடும்மா.”

முதல் துண்டைத் தேய்த்துப் பார்த்தார். மஞ்சள். தேய்த்தார். மஞ்சள். இன்னும் நாலு சுற்று. அடுத்துப் பார்த்தபோது இருட்டுதான் தெரிந்தது. கண்ணாடியில் பசை இருந்தது, கல் இல்லை.

வீட்டுக்குப் போனதும் கோபத்தைச் சட்டைமேல் காட்டினார்.

“வெள்ளச் சட்டைய என்னடி பண்ணி வெச்சிருக்க? மஞ்சளேறிக் கெடக்கு!”

“நேத்து வாங்கின சட்டைங்க அது. லேபிள்கூடப் பிரிக்கல,” என்றாள் மனைவி.

“அப்ப கடைக்காரன் ஏமாத்திட்டான்.”

“ஆமா, கடைக்காரன் ஏமாத்துறான், போன வாரம் பாலு ஏமாத்துச்சு, அதுக்கு முன்னாடி சுவரு. ஊரே ஒண்ணு கூடி உங்களுக்கு மட்டும் மஞ்சப் பெயிண்ட் அடிக்குது. கண் டாக்டர்கிட்ட போலாம்னா மட்டும் காதும் கேக்காமப் போயிடும்.”

எப்போதும் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுப்பவர், சட்டையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பால், சுவர், சட்டை, குவார்ட்ஸ். அப்புறம், அந்த ஆறு கண்ணாடிகள். அன்று சாப்பிடவில்லை.

காலையில் துறைத்தலைவரிடம் போனார். “சார், என் கண்ணு…”

“உன் கண்ணப் பத்தி ரிப்போர்ட்ல ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்யா! அடுத்த வாரம் மறுபடியும் குழு வருது. இப்ப வந்து கண்ணு, மூக்குன்னுட்டு… கல்லு மட்டம்னு எழுதிக் குடுத்துடு. கல்லு என்ன கோர்ட்டுக்கா போகப்போகுது?”

துறைத்தலைவர் சோபாவில் சாய்ந்துகொண்டார். முப்பது எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. கீழே இறங்கி வந்து, மாணவியைக் கூப்பிட்டு, வெறுங்கண்ணாடியை அவள் கையில் வைத்தார்.

“ஒண்ணு போச்சும்மா. கல்லு மேல தப்பில்ல. எனக்கு எல்லாமே மஞ்சளா தெரியுது.”

அவள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்போ… போன வருஷம் ஆராய்ச்சிய விட்டுட்டுப் போனாரே, அவரோட ஆறு கண்ணாடி?”

அவர் இரண்டாவது துண்டை எடுத்து ஒட்ட ஆரம்பித்தார். பசை காய்ந்ததும் தன் ஸ்டூலை நுண்ணோக்கி முன்னால் நகர்த்தி, “உக்காரு” என்றார்.

தேய்த்துக் கொண்டுவந்து வைத்தார். “என்ன கலரு?”

“மஞ்சள்ணா.”

தேய்த்தார். “இப்ப?”

“வெளிறுன மஞ்சள்.”

இரண்டே சுற்று. “இப்ப?”

“சாம்பல். சாம்பல்ணா! போதும், நிறுத்திடுங்க!”

அவளை நகரச் சொல்லிவிட்டு முப்பது குனிந்து பார்த்தார். நல்ல மஞ்சளாக இருந்தது. கண்ணாடியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, கை கழுவப் போனார்.