சேவியர் அண்ணன் சட்டைப் பையில் இருந்த சாவி

சேவியர் அண்ணன் இறந்துவிட்டார். இன்று விடியற்காலையில்... தூக்கத்திலேயே.

எங்கள் சிப்பர் மெஷினுக்கு மெக்கானிக். நாங்கள் வெட்டும் மரத்தின் கிளைகளைத் தூளாக்கி வீரபாண்டி சாயப்பட்டறை பாய்லர்களில் எரிக்க அனுப்புவது அந்த மெஷின்தான். நேற்று சாயங்காலம்கூட அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை.

நேற்று பிளேடு மாற்ற வந்தார். மாற்றினார், மூடியை மூடினார், பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார், பாதி டீயை வைத்துவிட்டு "வாரேன் தங்கச்சி" என்று கிளம்பினார்.

காலையில் பார்த்தால் மெஷின் சாவி இல்லை. பாய்லர்காரர்கள் போன் மேல் போன். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அண்ணன் நம்பருக்கு அடித்தேன். எடுத்ததும், "ஏனுங்ணா, சாவிய எடுத்துட்டுப் போயிட்டீங்களே, இங்க ஆளுக எல்லாம் சும்மா நிக்கறாங்க" என்று கொட்டித் தீர்த்தேன்.

எதிர்ப்பக்கம் அவர் மனைவி, ரோஸ்லின் அக்கா. "அவிய போயிட்டாவ தங்கச்சி" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். அப்படிக் கேட்டேனே என்று இப்போதும் கூசுகிறது.

அந்தச் சாவி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

மூடியைத் திறந்து கையை உள்ளே விடும் முன் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முழுசாக முடிந்தால்தான் என் கையில் வைத்து "இப்ப ஓட்டு தங்கச்சி" என்பார். அதுவரை யார் கேட்டாலும் கிடைக்காது.

அவர் வந்த புதிதில் எனக்கு எரிச்சல்தான். என் மெஷின் சாவியை நான் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "தாராளமா வச்சுக்கோ. அப்ப கையையும் நீயே உள்ள விடு" என்றார். அதோடு சாவி கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக எங்கள் யார்டுக்கு வந்தார், வெள்ளைச் சட்டையோடு. நாங்கள் வெட்டிய மங்கலம் ரோட்டு வேம்பில் எவனோ அடித்த 'டைலர் தேவை' போர்டு ஆணி, பிளேடைத் தின்றிருந்தது.

"டைலர் கெடைச்சானான்னு அந்தக் கம்பெனியில கேளு. பிளேடு தீட்டுறவன் கெடைச்சிட்டான்னு சொல்லு" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அவர் பையில் சாவி, வெள்ளைத் துணி வழியாகத் தெரிந்தது.

அதனால்தான் இன்று காலையிலிருந்து குழப்பம். வேலை முடிந்திருந்தால் சாவியைக் கொடுத்திருப்பார். கொடுக்கவில்லை என்றால் ஏதோ பாக்கி... ஒரு போல்ட் லூசாக இருந்தாலும், அந்த வேகத்தில் பிளேடு கழன்றால், எதிரே கிளை தள்ளுகிறவன் கதி?

டிரைவர் செந்தில், "அக்கா, உங்க ஊட்ல ஸ்பேர் சாவி இருக்குதுங்களே, எடுத்துட்டு வரட்டுங்களா?" என்றான். வேண்டாம் என்றேன். அவனையும் கூட்டிக்கொண்டு மண்ணரையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

பெட்டியில் அண்ணன். அதே மாதிரி வெள்ளைச் சட்டை. என் கண் நேராகப் பைக்குத்தான் போனது. காலியாக இருந்தது.

ரோஸ்லின் அக்கா உள்ளே போய் வந்து என் உள்ளங்கையில் சாவியை வைத்தார். நேற்றுப் போட்டிருந்த கிரீஸ் சட்டையில் இருந்ததாம்.

"வேல பாக்கி இருக்குன்னு ஏதாச்சும் சொன்னாருங்களாக்கா?" என்றேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது... ஆனால் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் சொல்லல தங்கச்சி. நெஞ்சு கரிக்குன்னாவ. சோடா குடிச்சிட்டுப் படுத்தாவ."

அந்தப் பாதி டீ ஞாபகம் வந்தது.

அடக்கம் முடிந்து யார்டுக்கு வந்தோம். சாவியை என் மணிபர்சில் போட்டுக்கொண்டு மூடியைத் திறக்கச் சொன்னேன். செந்தில் ஸ்பேனர் போட்டு ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

எல்லாம் டைட். ஒன்றுகூட அசையவில்லை.

அப்படியென்றால் மறந்துதான் போயிருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மறக்காத மனுஷன். அவர் அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது நான் தாராபுரம் ரோட்டுப் புளியமரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினார். முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

செந்தில் சாவிக்குக் கை நீட்டினான். நாளைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். பாய்லர்காரர்கள் திட்டிக்கொள்ளட்டும்.

சேவியர் அண்ணா... சாவி என் கைக்கு வந்துருச்சுங்க. போல்ட் எல்லாம் டைட்டா இருக்குதுங்க, பாத்துட்டோம். நீங்க போயிட்டு வாங்க.