‘முழுமனசு’ மரியநாயகம்

தந்தி வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தபோது நான் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். மரியநாயகம் காலமானார், உடனே வரவும் என்று இருந்தது. அவர் கையில் கிடைத்திருந்தால் கடைசி இரண்டு சொற்களையும் வெட்டியிருப்பார். சொல்லாவிட்டாலும் வருகிறவனுக்கு எதற்கு அது என்று கேட்டிருப்பார். மீதி முகத்தையும் மழித்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

துறைமுகக் கந்தோரில் கூட வேலை பார்த்த நண்பர்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். ‘முழுமனசு’ என்று அவருடைய பட்டப்பெயரைச் சொல்லித்தான் அழுதீர்கள், சிரித்தீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியை எழுதவே உட்கார்ந்திருக்கிறேன்.

யுத்த காலத்தில் ருஷ்யக் கப்பல்கள் கொழும்புக்கு வந்தபோது, அவற்றின் கடிதங்களை ஆங்கிலமாக்க கந்தோரில் எங்கள் இருவருக்கும் ஒரு மேசை போட்டார்கள். மரியநாயகத்தார் இளமையில், இங்கே தேயிலை வாங்க வந்திருந்த ஒரு ருஷ்ய வியாபாரியிடம் கிளாக்கராக இருந்து அந்தப் பாஷையைப் பழகியவர். ஆங்கிலம் அவருக்குக் கரடுமுரடு. எனக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு, ருஷ்யத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. அவர் கடிதத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வார். நான் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவேன். இடையில் தமிழ் இருப்பது பெரிய துரைக்குத் தெரியாது. இருவருக்கும் ருஷ்யம் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார். நானும் போய்த் திருத்தவில்லை.

வாதம் என்று வந்துவிட்டால் மரியநாயகத்தார் இறங்கி வரமாட்டார். ஒருநாள் டிராம் வண்டியில் கண்டக்டரோடு மழை வருமா வராதா என்று தொடங்கியவர், பேச்சு முடியவில்லை என்பதற்காகத் தம்முடைய இடத்தில் இறங்காமல் கடைசி வரை போய், நடந்து திரும்பி வந்தார். நனைந்துதான் வந்தார். மழை வராது என்று வாதாடியவர் அவர்தான்.

இப்படிப்பட்டவருக்குப் பெரிய தலையிடியாக இருந்தவை, விட்டுக்கொடுப்பதற்கும் உடன்படுவதற்கும் உள்ள ருஷ்யச் சொற்கள். “ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு முகம் இருக்கு ஐசே. முகத்தைப் பாக்காமல் இங்கிலீசு போடக் கூடாது” என்பார். அதற்கென்றே ஒரு பிஸ்கற் தகரப்பெட்டி வைத்திருந்தார். அதற்குள்ளே, பழைய டிராம் டிக்கட்டுகளின் பின்புறத்தில் ஒரு ருஷ்யச் சொல், அதன் கீழே கொட்டாஞ்சேனையில் கண்ட ஒரு சம்பவம். சரி, ஆகட்டும் என்பதற்கு ‘லாத்னா: மனைவி குடை கொண்டுபோகச் சொன்னாள். கொண்டுபோனேன்.’ விட்டுக்கொடுப்பதற்கு ‘உஸ்துபீத்: டிராமில் பெட்டிக்காரனுக்கு இடம் விட்டேன். கால் நொந்தது.’ மனம் முழுவதும் சேர்ந்து உடன்படுவதற்கு ‘சக்லசீத்ஸா’ என்று ஒரு டிக்கட். அதன் கீழே, ‘இன்னும் ஆள் அகப்படவில்லை.’

ஒருநாள் ருஷ்யக் கப்பல் ஒன்றிலிருந்து சரக்கு இறக்கும்போது கயிறு அறுந்து ஒரு பெட்டி கடலில் விழுந்தது. அதைக் கட்டியவன் ஜிந்துப்பிட்டியிலிருந்து வரும் கூலியாள் மாடசாமி. கவனக்குறைவு என்று முடிவுகட்டிய துரை, அவனை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகக் கப்டனுக்கு எழுதினார். பதில் எங்கள் மேசைக்கு வந்தது. மரியநாயகத்தார் வாசித்துச் சொன்னார்: “உங்கட துறைமுகம், நான் விட்டுக்குடுக்கிறன். ஆனா என்ர மனம் ஒப்பேல்லை.”

நான் என்ன எழுதினேன் தெரியுமா? தங்கள் முடிவுக்கு முழுமனத்துடன் உடன்படுகிறேன் என்று எழுதினேன். துரைமாருக்குப் போகும் கடிதத்தில் ‘மனம் ஒப்பவில்லை’ என்று இருப்பது மரியாதையாகப் படவில்லை. கிளாக்கர் வேலையில் பழகிய கை அது. எந்தக் கடிதத்தையும் ‘முழுமனத்துடன்’ என்று தொடங்கினால்தான் அதற்குத் திருப்தி.

மறுநாள் துறைமுக வாசலில் மாடசாமி வெளியே நிற்பதை மரியநாயகத்தார் கண்டார். “கப்பல்காரரே முழுமனசா ஒத்துக்கிட்டாராம் அய்யா. இனி உள்ள வராதேன்னுட்டாங்க” என்றானாம். அவர் மாடியேறி வந்து, கோப்பிலிருந்து பிரதியை உருவி என் முன்னால் வைத்தார்.

“இந்த முழுமனம் ஆற்ற? கப்டன்ர மனமோ, உம்மட மனமோ?”

என் வேலை நிரந்தரமாக இன்னும் பத்து நாள்தான் இருந்தது; பிழை வெளியே வந்தால் அது போய்விடும் என்று அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர், “நீர் வாயைத் திறவாதையும்” என்று சொல்லிவிட்டுத் துரையின் அறைக்குள் போனார். கடிதத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டது தாமே என்று சொன்னார். துரை கப்டனை அழைத்துக் கேட்டார். அறுந்தது கப்பலின் பழங்கயிறு, அந்த ஆள் மேல் குறையில்லை என்றார் கப்டன். திங்கட்கிழமை மாடசாமி வேலைக்கு வந்தான். பிழைவிட்ட சொல்லையே கந்தோர் மரியநாயகத்தாருக்குப் பட்டப்பெயராக்கியது: ‘முழுமனசு’.

துரையும் ஒரு கட்டளை போட்டார். மரியநாயகத்தின் ருஷ்யத்தை இனி நான் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும். ருஷ்யத்தில் ஓர் எழுத்தும் தெரியாத நான்! இரண்டு வருஷம் அவர் ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, “பரீட்சகர் ஐயா, பிழை இருக்கோ பாருங்கோ” என்பார். கந்தோர் சிரிக்கும், நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வெட்கம் பிடுங்கித் தின்னும்.

வேலை நிரந்தரமானதும் துரையிடம் உண்மையைச் சொல்லப் புறப்பட்டேன். அறை வாசலிலேயே மரியநாயகத்தார் மறித்துக்கொண்டார். “இப்ப போய்ச் சொன்னா நான் பொய்யனாப் போவன். சும்மா இரும்.” அந்த வாதத்திலும் அவரே வென்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது என்பதை ஒளிப்பானேன்.

செத்தவீட்டில் மாடசாமி மாலையோடு நின்றான். “அன்னைக்கு நடந்தது அவரு தப்புத்தான். ஆனா அவரே போயி ஒத்துக்கிட்டாருல்ல, அய்யா? அந்த மனசு யாருக்கு வரும்?” என்று என்னிடமே கேட்டான். தலையாட்டினேன். அவர் படுத்திருக்கும் இடத்திலும் என் வாய் திறக்கவில்லை.

புறப்படும்போது அவருடைய மனைவி றோசலின் அக்கா தகரத்தை என் கையில் தந்தார். “இது உங்களுக்கெண்டு சொன்னவர்” என்றார். வீட்டில் வைத்துத் திறந்தேன். துரையின் அறைக்குப் போன நாளை எந்தச் சொல்லின் கீழ் எழுதியிருப்பார் என்று தேடினேன். எனக்காக விட்டுக்கொடுத்தார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ‘உஸ்துபீத்’ டிக்கட்டில் பெட்டிக்காரன் மட்டுமே இருந்தான். ‘சக்லசீத்ஸா’ டிக்கட்டில் ‘இன்னும் ஆள் அகப்படவில்லை’ என்பது வெட்டப்பட்டிருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில், ‘துரையின் அறைக்குப் போனேன். எங்கும் நோகவில்லை.’

நண்பர்களே, அந்தப் பிழை என்னுடையது. மாடசாமியிடம் நாளைக்கு ஜிந்துப்பிட்டிக்கே போய்ச் சொல்லப் போகிறேன். தகரத்தோடு அந்தப் பிழையையும் நான் வைத்துக்கொள்கிறேன். பட்டப்பெயர் மட்டும் அவருக்கே இருக்கட்டும்.