தேனீக்கும் வந்த வஹீ

அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டியது நான்தான். உத்திரமேரூரில் எங்கள் ஜமாஅத்தில் பெண் மய்யித்தை, அதாவது இறந்த பெண்ணின் உடலை, முறைப்படி குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அன்றைக்கு ஒருவர் ஊரில் இல்லை. இன்னொருவர், குழந்தை என்றதும் தன்னால் முடியாது என்று வீட்டுக்குள் போய்விட்டார். ஏழு வயதுப் பெண். ஏரியில் மூழ்கி இறந்தவள். அரசு ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து மறுநாள் மதியம்தான் கொடுத்தார்கள்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியிருந்தது. கோடையில் சவுடு மண் அள்ளிய இடமெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம். தண்ணீர் ஏறிய பிறகு எது தரை, எது பள்ளம் என்று கரையிலிருந்து தெரியாது. அரையாண்டு லீவு என்பதால் தெருப்பிள்ளைகள் நாலைந்து பேர் ஏரியின் உபரித் தண்ணீர் கலங்கலில் வழிவதைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தவள் அடுத்த அடியில் காணோம் என்று கூடப் போன பிள்ளைகள் சொன்னார்கள்.

அவளுடைய அம்மா என் வகுப்புக்கு வருகிறவள். பள்ளிவாசலை ஒட்டிய அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியூர் அரபிக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்து பட்டம் வாங்கியவள் என்பதால் எல்லாரும் என்னை ஆலிமாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது பேர் வருவார்கள். அவள் கடைசி வரிசையில் சுவரோரம் உட்காருவாள். ஒரகடம் பக்கம் கார் வயர் செய்யும் கம்பெனியில் வேலை. விடியற்காலையில் வேன் ஏறினால் மாலையில்தான் வருவாள். புருஷன் டைல்ஸ் ஒட்டுகிறவன். அந்த ஒரே குழந்தைதான்.

குளிப்பாட்டும்போது அவளை வெளியே இருக்கச் சொன்னேன். "நான் தண்ணி ஊத்துறேன் ஆலிமாம்மா" என்று செம்பை வாங்கிக்கொண்டாள். தையல் போட்ட இடத்தில் நான் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னாள்:

"நேத்து காலையில எனக்கு சொல்லிச்சு. வேன்ல கால வைக்கிறப்போ. போகாத, இன்னிக்கு வூட்ல இரு அப்டின்னு."

"யாரு சொன்னது?"

"தெரியல. காதுல கேட்ட மாரி இல்ல. ஆனா நானா நெனச்சதும் இல்ல. கால கீழ வச்சிட்டேன். டிரைவர் ஆரன் அடிச்சிக்கினே கீறாரு. ஏற்கெனவே ரெண்டு லீவு. மூணாவது போட்டா லைன்லேர்ந்து தூக்கிடுவாங்க. ஏறிட்டேன்."

மூன்றாவது முறை கற்பூரத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஊற்றினாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவள் வகுப்புக்கு வந்துவிட்டாள். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. ஏனென்றால் அன்றைய பாடம் மூஸா நபியின் தாயைப் பற்றியது. மாற்றியிருக்கலாம். மாற்றினால் எல்லாருக்கும் காரணம் புரிந்துவிடும் என்று நினைத்து அப்படியே நடத்தினேன். ஃபிர்அவ்ன் என்ற எகிப்து அரசன் ஆண் குழந்தைகளையெல்லாம் கொன்ற காலம். பிள்ளைக்குப் பால் கொடு, பயம் வந்தால் ஆற்றில் விட்டுவிடு, பயப்படாதே, கவலைப்படாதே, அவனை உன்னிடமே திருப்பித் தருவோம் என்று அல்லாஹ் அந்தத் தாய்க்கு அறிவித்ததைச் சொன்னேன்.

அவள் கையைத் தூக்கினாள். அதற்கு முன் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

"அந்தம்மாவுக்கு அல்லா அறிவிச்சது வஹீன்னு தானே குர்ஆன்ல கீது?"

"ஆமா. இறைச்செய்தின்னு அர்த்தம் வர்ற அந்தச் சொல்லுதான் வருது."

"நபிமாருக்கு வர்றதும் வஹீ தானே. அப்போ அந்தம்மா நபியா?"

எனக்குப் பதில் தெரியும். தூதர்களாக ஆண்களையே அனுப்பினோம் என்று குர்ஆனில் இருக்கிறது. அதை வைத்துப் பெரும்பாலான அறிஞர்கள் பெண்களில் நபி இல்லை என்கிறார்கள். மூஸா நபியின் தாய்க்கு வந்தது உள்ளத்தில் போடப்பட்ட உதிப்பு, நபித்துவம் அல்ல. இதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். எங்கள் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த ஒரு வாதம் ஞாபகம் வந்தது. அதையும் சொன்னேன்.

"தேனீக்கும் வஹீ அறிவிச்சதா குர்ஆன்ல வருது. அதுக்காகத் தேனீய நபின்னு சொல்லுவோமா?"

பெண்கள் சிரித்தார்கள். கேள்வியின் இறுக்கம் கலைந்ததில் எனக்கும் நிம்மதியாகச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அப்போ எனக்கு வந்தது இன்னா ஆலிமாம்மா?"

"உனக்கு என்ன வந்தது" என்று யாரோ கேட்டார்கள். அவள் சொன்னாள். என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள், வேன், ஆரன், லீவு எல்லாம். முப்பது பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அது மனசோட பயம்மா" என்றேன். "புள்ள போன பின்னாடி முன்னாடியே தெரிஞ்ச மாதிரி தோணும். ஷைத்தானும் அப்படி ஊசலாட்டம் போடுவான். அவன்கிட்டேர்ந்து பாதுகாப்பு கேட்டு அவூது சொல்லிக்க."

அவள் தலையாட்டினாள். துஆ ஓதி முடிக்கும்வரை இருந்தாள். மற்றவர்களோடு சேர்ந்து ஆமீன் சொன்னாள். அவள் என் வகுப்பில் உட்கார்ந்தது அதுதான் கடைசி.

அந்த வாரத்துக்குள் பேச்சு தெருவெல்லாம் சுற்றி வேறு உருவம் எடுத்துவிட்டது. தனக்கு வஹீ வருகிறது என்று சொல்கிறாளாம். தன்னை நபி என்று சொல்லிக்கொள்கிறாளாம். முஹம்மது நபிக்குப் பிறகு நபி இல்லை என்பது எங்கள் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அப்படி ஒருவர் சொன்னால் அவர் மார்க்கத்தை விட்டே வெளியேறியவர். ஜமாஅத்தில் அவள் புருஷனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் ஏற்கெனவே பாதி ஆளாகியிருந்தான். தலைகுனிந்து நின்று, "அவளுக்குப் புத்தி சரியில்ல, வுட்ருங்க" என்றானாம். அவளை அழைத்து எல்லார் எதிரிலும் மார்க்க உறுதிமொழியான கலிமாவைச் சொல்லவைத்து, தவ்பா செய்து பாவமன்னிப்புக் கேட்கச் சொல்வது என்று முடிவானது.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் என்னையும் கூப்பிட்டார். நல்ல மனிதர், கடிந்து பேசத் தெரியாதவர். "உங்க வகுப்புலதானே பேச்சு வந்தது. அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"நபின்னு அவ சொல்லவே இல்ல ஹஜ்ரத். தனக்கு வந்தது என்னன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஷைத்தானோட ஊசலாட்டமா இருக்கலாம்னு சொன்னேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றார்.

அந்தப் பாராட்டு எனக்கு உரியதல்ல. ஏனென்றால் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் நான் சொல்லவில்லை. கல்லூரியில் நாலாம் வருஷம் ஒரு மதியம், எங்கள் ஆசிரியரான உஸ்தாத் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன விஷயம் ஒன்று உண்டு. முஸ்லிம்கள் ஆண்ட பழைய காலத்து ஸ்பெயினில் சில பெரிய அறிஞர்கள் வேறுவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மக்களிடம் அனுப்பப்படும் தூதர் ஆணாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அல்லாஹ்விடமிருந்து செய்தி பெறுகிற நபியாகப் பெண் இருக்கலாம். கன்னியாகவே தாயான மர்யமிடம் மலக்கு என்னும் வானவர் நேரில் வந்து பேசவில்லையா? மனத்தில் தோன்றிய எண்ணத்தை நம்பி எந்தத் தாயாவது குழந்தையை ஆற்றில் விடுவாளா? வந்தது சந்தேகமில்லாத செய்தி என்று தெரிந்ததால்தானே விட்டாள்? இப்படிக் கேட்டிருக்கிறார்கள். சிறுபான்மைக் கருத்து, பலம் குறைந்தது, பரீட்சைக்கு வராது என்றார் உஸ்தாத். நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அது என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஆலிமாம்மாவே குழப்புகிறாள் என்று பேச்சு வரும் என்று விழுங்கிவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் தேனீயைச் சொன்னேன்.

கலிமா சொல்ல அவள் மறுக்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்று சொன்னாள். தவ்பாவும் செய்தாள். எதற்காக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மாமியார் வீட்டில் அதற்குப் பிறகு அவளை வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைத் தண்ணீரில் விட்டவள், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டே போனவள் என்று மாமியார் வாசலில் நின்று பேசினாள். அவள் சொன்னதை நம்பாதவர்கள்கூட இந்த ஒன்றுக்காக நம்பினார்கள். பெருநகர் என்கிற ஊரில் இருந்த அவளுடைய அம்மா வீட்டுக்கு ஒரு பையோடு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மாதம் பொறுத்துத்தான் எனக்குப் போகத் தைரியம் வந்தது. பஸ்ஸில் அந்த அறிஞர்கள் சொன்னதையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். அவள் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலி போட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மர்யமை, மூஸா நபியின் தாயை, பெண்களும் நபியாக இருந்திருக்கலாம் என்று சொன்னவர்களை. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும், மன்னித்துக்கொள் என்றேன்.

பொறுமையாகக் கேட்டாள்.

"இதுல எனக்கு இன்னா கீது ஆலிமாம்மா? நான் நபியான்னா கேட்டேன்? சொன்னது யாருன்னுதான் கேட்டேன்."

பிறகு அவளே தொடர்ந்தாள்.

"அல்லா சொல்லியிருந்தா, கேக்காம போன பாவி நானு. ஷைத்தான் சொல்லியிருந்தா, எம் புள்ளய காப்பாத்தச் சொன்னவன் ஷைத்தான்னு ஆவுது. ரெண்டுல எத வச்சிக்கினு நான் தொழுவறது?"

அவள் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். அவள் திரும்பவும் துணி துவைக்கப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அந்தச் சிறுபான்மைக் கருத்தை எல்லாருக்கும் சொன்னேன். இது பலரும் ஏற்காதது என்றும் சேர்த்தே சொன்னேன். அவள் தன்னை நபி என்று சொல்லவில்லை, அவளிடம் நாம் நடந்துகொண்டது தவறு, முதல் தவறு என்னுடையது என்றும் சொன்னேன். இரண்டு பெண்கள் அழுதார்கள். நாலைந்து பேர் பாதியிலேயே எழுந்து போனார்கள். பத்து நாளில் அந்த அறை சமையல் சாமான் வைக்கத் தேவைப்படுகிறது என்று ஜமாஅத்திலிருந்து ஆள் வந்து சாவியை வாங்கிப் போனார்கள். அப்படித்தான் என் பதினோரு வருஷ வகுப்பு முடிந்தது. இப்போது வீட்டில் நாலு சின்னப் பெண்களுக்கு அரபி எழுத்து மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன்.

அவளைப் போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேறு ஒரு கம்பெனியின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டதை அவளே சாதாரணமாகச் சொன்னாள். உடம்பு இளைத்திருந்தது. தொழுகிறாயா என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பெருநகர் பஸ் வந்ததும் சலாம் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.