நெஞ்சிலிருந்து நாலு இறகு

எங்கள் வீட்டுச் சாம்பல் கிளி ஆணா பெண்ணா என்று பதினாறு வருஷமாக யாருக்கும் தெரியாது. ஆப்பிரிக்கச் சாதி, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். என் வீட்டுக்காரர்தான் கோரிமேட்டில் இருக்கும் கூட்டாளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஆளிடம் ஜோடியில்லாத ஆண் கிளி ஒன்று இருந்தது. எங்களுடையது பெண் என்றால் அங்கே அனுப்பிவிட வேண்டுமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா இல்லையா, உத்தரவு போட்டே பழக்கம்.

அவர் கடல் தாண்டி வேலையில் இருந்த வருஷங்களில் இந்த வீட்டில் நான், மகள், கிளி, மூன்று பேர்தான். மகள் இப்போது பாரிஸில் இருக்கிறாள். போனில் அவள் குரலே மாறிப்போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அம்மா, கதவத் தொற" என்று கத்துகிற அந்தப் பத்து வயசுக் குரல் கிளியிடம்தான் மிச்சம் இருக்கிறது. அதைத் தூக்கிக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

டிஎன்ஏ பரிசோதனைக்கு நெஞ்சிலிருந்து நாலு இறகு பிடுங்கி உறையில் போட்டு அனுப்ப வேண்டும். அந்த வேலையை என்னிடம் விட்டார். கூண்டுக்கு அடியில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கி அனுப்பினேன். உதிர்ந்த இறகு உதவாது என்று பரிசோதனைக்கூடத்துத் தாளிலேயே எழுதியிருந்தது, படித்துவிட்டுத்தான் செய்தேன். இந்த இறகை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அவரே பிடுங்க உட்கார்ந்தார். கிளியைத் துவாலையில் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். முதல் இறகை இழுத்ததும் அது கத்தியது.

"வலிக்குதும்மா. மெதுவா வாரும்மா."

எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை போடும்போது மகள் சிணுங்குவது அது. அவள் முடியை வெட்டிக்கொண்ட பிறகு கிளி அதைச் சொன்னதே இல்லை. நானே மறந்திருந்தேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் கை அப்படியே நின்றது. "பாப்பா இப்புடித்தான் சொல்லுமா?" என்றார்.

"தெனம் காலையில. நீங்க எங்க இருந்தீங்க கேக்கறதுக்கு?"

அவர் துவாலையைப் பிரித்துக் கிளியைக் கூண்டில் விட்டார். கூட்டாளிக்கு போன் போட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இப்போது தினமும் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். சீப்பின் பல்லை நகத்தால் கீறிக் காட்டுகிறார். கிளி தலையைச் சாய்த்து அவரைப் பார்க்கிறது. இன்னும் அதைச் சொல்லவில்லை.