கருமாதி நோட்டீஸுக்குப் பேப்பர் வாங்கச் சிதம்பரம் போன கதை

ஐப்பசி மழையில், என் கணவர் இறந்த ஒன்பதாம் நாள் இந்தப் பயணம் போனேன். பதினாறு முடியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தாண்டினேன். சின்ன பிரஸ் வைத்திருப்பவர்கள், கடலூரிலிருந்து பேப்பர் வாங்கப் போகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் ஏழாவது வரைதான் படித்தேன். ஆனால் கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் ஆஃப்செட் மெஷினுக்குப் பதினாலு வருஷம் தாள் அடுக்கியவள் நான்தான்.

அவருடைய கருமாதி நோட்டீஸை அவர் மெஷினிலேயே அடிக்க வேண்டும், பதினோராம் நாளுக்குள் முடித்தால்தான் குமராட்சிப் பக்கத்துச் சொந்தங்களுக்குப் போய்ச் சேரும். கொழுந்தனார் "நீங்க இருங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று போய், உறை பிரித்த பேப்பர் கட்டு ஒன்றைத் தூறலில் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். மெஷின் இரண்டிரண்டு தாளாக இழுத்தது. நோட்டீஸில் என் கணவர் முகம் கோணலாக விழுந்தது. "மெஷின் பழசு அண்ணி" என்கிறார் கொழுந்தனார். மெஷினுக்கு ஒன்றும் இல்லை. தாள் ஈரம் குடித்திருந்தது. எங்கள் ஊரில் கடல் காற்று வேறு.

எங்களுக்கு வேண்டிய பெரிய சைஸ் மேப்லித்தோ தாள், எண்பது ஜிஎஸ்எம் கனத்தில், அந்த வாரம் கடலூரில் வேறு கட்டு கிடைக்கவில்லை. காலை 7.30க்குப் பஸ் ஏறினேன். டிக்கெட் நாற்பது ரூபாய். நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், மழையில் ஒன்றரை மணி நேரம் ஆனது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பேப்பர் கடைக்குப் பத்து நிமிட நடை. கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிச் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா பேப்பர்?"

"கருமாதி நோட்டீஸுக்கு."

ஊதுவத்தி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. "மொதப் போணியே கருமாதியா? அப்படி ஓரமா ஒக்காரும்மா. வேற யாராவது வாங்கட்டும்."

ஐம்பது நிமிடம் உட்கார்ந்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு வருகிற காசும் கருமாதிக்கு வருகிற காசும் ஒரே கல்லாவில்தானே விழுகிறது? அதைக் கேட்க வாய் வரை வந்தது. பேப்பர் வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஒருவர் வந்தார். சொந்தமாக பிரஸ் வைத்திருப்பவராம், பில் புக் அடிக்க ஒரு கட்டு வாங்கினார். போணி ஆனது. அதற்கப்புறம் கடைக்காரர் அதே அடுக்கிலிருந்து, வாசல் சாரல் படுகிற இடத்திலிருந்து, எனக்கும் ஒரு கட்டை இழுத்துப் போட்டார். மேல் உறை கிழிந்திருந்தது.

"இது பிரிச்சதுங்க. பிரிக்காதது குடுங்க."

"பேப்பர்ல என்னம்மா பிரிச்சது, பிரிக்காதது? ஒனக்குச் சொன்னா புரியாது. வூட்டு ஆம்பளைக்குப் போன் போட்டுக் குடு, பேசறேன்."

"அந்த ஆம்பளைக்குத்தாங்க நோட்டீஸே."

நான் ஒரு தாளை உருவிக் கடைக்காரர் காதுப் பக்கம் உதறினேன். நல்ல தாள் படபடவென்று சத்தம் போடும். இது ஈரத் துணி மாதிரி ஊமையாக ஆடியது. கட்டின் ஒரு ஓரத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்திருந்தது.

படியில் இறங்கிய பிரஸ்காரர் திரும்பி வந்தார். தன் கட்டிலிருந்தும் ஒரு தாளை உருவி உதறினார். அதுவும் ஊமை.

"அண்ணே, காசக் குடுத்துடு. இதப் போட்டா என் மெஷினு நின்னுடும்."

"யோவ், போணி காசுய்யா! திருப்பிக் கேக்கறியே?"

"போணியா இருந்தா ஊறிப்போன பேப்பர என் தலயில கட்டுவியா? அக்கா மட்டும் உதறலன்னா நான் பாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

காசு திரும்பியது. பிரஸ்காரர் மழை விட்டதும் வேறு கடைக்குப் போய்விட்டார். கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள் அறையிலிருந்து, மரப்பலகை மேல் இருந்த பிரிக்காத கட்டு ஒன்றை எடுத்து வந்தார். ஆயிரத்து ஐம்பது ரூபாய் கொடுத்தேன். அன்றைக்கு அந்தக் கடைக்கு முதல் போணி என் கணவருடைய கருமாதிப் பேப்பர்தான்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் கட்டைப் படி ஓரம் நிற்க வைக்கச் சொன்னார். நிற்க வைத்தால் வளையும், படியில் தண்ணீர். இரண்டு டிக்கெட் கேட்டேன். "இன்னொருத்தரு யாரும்மா?" என்றார். பக்கத்து சீட்டில் படுக்க வைத்திருந்த கட்டைக் காட்டினேன். சிரித்துவிட்டு ஒரு டிக்கெட்டோடு விட்டுவிட்டார். இந்த ஒன்பது நாளில் என்னிடம் மரியாதையாக நடந்த முதல் ஆள் அவர்.

பேப்பர் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். உறை கிழிந்த கட்டு எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தாள் கையோடு கொண்டு போங்கள். வாங்கி வந்த உடனே பிரிக்காமல், மெஷின் இருக்கிற அறையிலேயே ஒரு நாள் பலகை மேல் வையுங்கள், தரையில் வேண்டாம். பிரித்ததும் விசிறி மாதிரி விரித்துக் காற்று விட்டு அடுக்குங்கள். எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள், தொட்ட இடத்தில் மை ஒட்டாது. யாராவது "ஆம்பளையக் கூப்பிடு" என்றால் ஒரு தாளை உருவி உதறுங்கள்.

நான் ஒரு நாள் ஆறப்போட்டு, பதினோராம் நாள் காலையில் மெஷினை ஓட்டினேன். ஒவ்வொரு தாளாகப் போனது. முதல் நல்ல தாளை, வேலை கொடுத்த பார்ட்டியிடம் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் மீதி அடிக்க வேண்டும் என்பது என் கணவர் வைத்த வழக்கம். அந்தத் தாளை ஓரத்தில் பிடித்து எடுத்துக்கொண்டு போய், மாலை போட்ட படத்துக்கு முன்னால் நீட்டினேன். மூக்கு மூக்காக இருந்தது, மீசை மீசையாக இருந்தது. அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. போய் மீதியை அடித்தேன்.