தூக்குக்குப் போகும் பெடியனுக்கு ஒரு செபமாலை

செபமாலையின் கடைசிப் பத்து மணிகளுக்கு வந்ததும் றீற்றாவின் ஒரு கண் மெல்லத் திறந்துகொள்ளும். மற்றது பக்தியோடு மூடியே இருக்கும். திறந்த கண் பார்ப்பது மாதா சொரூபத்தை அல்ல, அதற்குப் பக்கத்தில் இருக்கும் தொலைக்காட்சியை. வோபர்னில் எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் வெள்ளிதோறும் இது நடக்கும். அவள் குரல் உயர்ந்தால், யாரும் அழுத்தாமலே லிஃப்ட் ஒன்பதில் வந்து நிற்கும். நானே இரண்டு தரம் கண்டேன்.

மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் அவளுக்கு வேலை. திரும்பி வரும் தட்டுகளையும் விடமாட்டாள். பாணை மட்டும் தின்றவன் கவலைக்காரன், பட்டரை வழித்து நக்கியவன் கஞ்சன் என்று, முகமே காணாத ஆட்களுக்குத் தீர்ப்பெழுதுவாள்.

செபம் முடிந்ததும் அறுபதுகளின் இங்கிலாந்தில் நடக்கும் துப்பறியும் நாடகம். தொப்பி போட்ட இன்ஸ்பெக்டர், குட்டைப் பாவாடைகளைக் கண்டு முகம் சுளிக்கும் கிழவர்கள், கப்பலில் வந்திறங்கிய கறுப்பு மனிதர்கள், 'வாடகைக்கு இடமில்லை' என்று அவர்களுக்கு மட்டும் சாத்தப்படும் கதவுகள். இந்த முறை மாட்டியவன் சமுவேல், ஜமேக்காவிலிருந்து வந்த பஸ் கொண்டக்டர். செய்யாத கொலைக்கு அவனுக்குத் தூக்கு. தூக்குத் தண்டனையையே ஒழிப்பதா என்று பாராளுமன்றத்தில் சண்டை நடக்கிறது. சட்டம் வருவதற்குள் கயிறு வந்துவிடும் போலிருந்தது.

"இந்தப் பத்து எங்கட சமுவேலுக்கு" என்று அடுத்த வெள்ளிச் செபமாலையின் கடைசிப் பத்தை றீற்றா தொடங்கினாள்.

அவள் புருஷன் கிளிபோட் தலையில் கை வைத்தான். "இஞ்சேரப்பா, உது எப்பவோ எடுத்து முடிச்ச நாடகம். இனி நீ மண்டாடி என்ன வரப்போகுது?"

"ஆண்டவருக்கு முன்னுக்குப் பின்னுக்கு இருக்கோ? நான் இண்டைக்குக் கேக்கிறது, அவங்கள் எடுக்கேக்கையே அவருக்குக் கேட்டிருக்கும்."

இதற்கு மறுமொழி சொல்லக்கூடிய குருவானவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

"நானும் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திட்டன், றீற்றாக்கா" என்றாள் எதிர்வீட்டுக் குணவதி. செபத்துக்கும் கட்லட்டுக்கும் தவறாமல் வருகிறவள்.

றீற்றாவுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. சமுவேலுக்கு அறை கொடுத்த மிஸிஸ் பார்லோ காலையில் அவன் தட்டில் இரண்டு முட்டை வைப்பாள், கேட்டால் மூன்றாவதும் வைப்பாள். "இப்பிடி அள்ளிப் போடுற மனுசி அவனைக் கைவிடமாட்டா. சாட்சி சொல்லி வெளியில எடுத்துப்போடுவா, பாருங்கோ."

போன வெள்ளி கடைசிப் பாகம். சிறைக்குள் கயிறு தயார். இன்ஸ்பெக்டர் தொப்பி பறக்க ஓடுகிறார். கட்லட்டை ஒருவரும் தொடவில்லை. நான்கூட. கடைசி நிமிடத்தில் கதவு திறந்து சமுவேல் வெளியே வந்தபோது குணவதி துள்ளிய துள்ளலில், எட்டாம் மாடிக்காரன் தும்புத்தடியால் கீழேயிருந்து இடித்தான். கிளிபோட்டும் கண்ணைத் துடைத்தான். கேட்டால் வெங்காயம் என்பான்.

பிறகு இன்ஸ்பெக்டர் உண்மையான கொலைகாரியின் கதவைத் தட்டினார். ஏப்ரனோடு வந்து திறந்தவள் மிஸிஸ் பார்லோ.

"கள்ளி! முட்டை போட்டுப் போட்டே பெடியனைக் கயிற்றுக்கு அனுப்பப் பாத்தவள்!" என்று குணவதி கத்தினாள்.

கிளிபோட் விடுவானா? "தட்டைப் பாத்து ஆளைச் சொல்லுற சாத்திரக்காரி எங்கையப்பா?"

திரையில் பொலிஸார் காரின் கதவைத் திறந்தார்கள். மிஸிஸ் பார்லோ ஒரு காலை உள்ளே வைத்து, தன் அடுப்படி யன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இடத்தில் றீற்றா படத்தை அப்படியே நிறுத்தினாள்.

"அக்கா, கட்லட் ஆறப்போகுது!"

"தூக்கை ஒழிக்கிற அந்தச் சட்டம் இன்னும் வரேல்லைத்தானே?" என்றபடி, சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு றீற்றா மறுபடியும் முழங்காலில் இறங்கினாள்.